வாய்க்காலில் வரும் காடு



'உலகின் மழைக்காடுகளும் அழிந்துவரும் உயிர்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிதான் உண்டு. அங்கே போய் மழைக்காட்டைப் பற்றி என்னய்யா பேசப் போகிறாய்?" என்றார். நியாயமான கேள்வி. பதிலை அவருக்குச் சொல்லவில்லை, உங்களுக்காக வைத்திருந்தேன்.

2024 ஜனவரி 31. அன்று இந்தியாவின் ஐந்து இடங்கள் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. ராம்சார் ஈரானில் உள்ள ஓர் ஊர். நீர்நிலைகளைக் காப்பதற்கான உலக ஒப்பந்தம் 1971இல் அங்கேதான் கையெழுத்தானது. அந்த ஐந்தில் மூன்று கர்நாடகத்துக்குப் போயின. மீதி இரண்டும் தமிழ்நாட்டுக்கு. ஒன்று நம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி. மற்றது கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர் மலைக்காடு. அழிவின் விளிம்பில் இருக்கும் நீலகிரிச் சிரிப்பான் பறவைக்கு அது வீடு.

மலைச்சோலையும் சமவெளி ஏரியும் ஒரே நாளில் பட்டியலுக்கு வந்தது தற்செயல்தான். ஆனால் தண்ணீரைக் கேட்டால் வேறு கதை சொல்லும். சோலையில் பெய்யும் மழை இலைச்சருகிலும் பாசியிலும் ஊறி, புதுப்பானை கசிகிற மாதிரி மெல்ல மெல்லக் கசிகிறது. கோத்தகிரிச் சரிவுகளில் இறங்கும் ஓடைகள் பவானிக்குப் போகின்றன. பவானிசாகர் அணை, கோபி வயல்கள், ஈரோட்டுக் கால்வாய்கள் என்று வழியெல்லாம் குடித்தது போக மிச்சம் கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. அந்தக் காவிரியிலிருந்து முக்கொம்புக்கு அருகே புள்ளம்பாடி வாய்க்கால் பிரிகிறது. அந்த வாய்க்கால் எங்கே வருகிறது என்று கரைவெட்டிப் பக்கத்து விவசாயிக்குத் தெரியும். கன்னட மலைகளின் தண்ணீர், மேட்டூர்த் தண்ணீர், சோலைத் தண்ணீர் எல்லாம் கலந்துதான் நம் ஏரிக்கு வருகின்றன. மழைக்காடு நமக்குத் தூரம் என்று இனிமேல் யாராவது சொன்னால், வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்தத் தண்ணீரை நம்பித்தான் பட்டைத்தலை வாத்து வருகிறது. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. அது வந்து இறங்கும் ஏரிக்கு 1999இல் சரணாலயம் என்று பெயர் கொடுத்தோம். பெயர் கொடுத்தால் போதுமா? சுற்று வயல்களில் அடிக்கிற பூச்சிமருந்தெல்லாம் மழையில் கரைந்து எங்கே போகும்? பறவை எச்சம் விழுந்த தண்ணீர் உரத்தண்ணீர் என்று ஏரிப்பாசனக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்துக் கணக்கைத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது கடல் தாண்டிப் போவோம். இங்கே எத்தனை பேர் வீட்டில் பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறான்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா! 2015இல் அந்தப் பிள்ளைகள் போனில் இருமிக்கொண்டே பேசினார்கள், நினைவிருக்கிறதா? சுமத்ராவிலும் போர்னியோவிலும் கரிநிலக் காடுகள் எரிந்த புகை சிங்கப்பூரை மூடியது. செப்டம்பரில் ஒருநாள் பள்ளிக்கூடங்களையே அடைத்தார்கள். அந்தக் காடுகள் ஏன் எரிந்தன? காகித மரம் நட, செம்பனை நட. செம்பனையிலிருந்து என்ன வரும்? நம் ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில். வரிசையில் நிற்கும் அம்மாவைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. கடலையும் எள்ளும் விளைந்த சீமையில் எண்ணெய்க்கு ஏன் கப்பலைப் பார்த்து நிற்கிறோம் என்று கேட்கத்தான் வந்தேன்.

அதே சுமத்ராவில் குனுங் லெயுசர் என்று ஒரு தேசியப் பூங்கா. யானை, புலி, காண்டாமிருகம், ஒராங்குட்டான் நான்கும் காட்டில் சேர்ந்து வாழ உலகில் மிச்சமிருக்கும் ஒரே நிலம் லெயுசர். சுமத்ரா காண்டாமிருகம் மொத்தமே நூறுகூட இல்லை. 2004இல் அந்தக் காடுகளை உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்த யுனெஸ்கோ, 2011இல் ஆபத்துப் பட்டியலில் போட்டது. பாதுகாக்கப்பட்ட காடு என்ற பலகைக்கு உள்ளேயும் ரம்பம் போகிறது ஐயா!

காடும் உயிரும் அழிந்துபோவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறதே ஒரு மரம், 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டெடுத்தது, பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே காடு நின்றதற்கு அதுதான் சாட்சி. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் ஒரு பிரம்மாண்ட டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. 1987இல் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரும் வைத்தார்கள். உலகிலேயே பெரிய விலங்காக இருக்கலாம் என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். எலும்பைக் காட்டு என்றால் காட்ட முடியாது. அருங்காட்சியகத்துக்குப் போகாமலே பொடிந்துபோயிற்று. கோடி ஆண்டு தாங்கிய எலும்பு நம் கைக்கு வந்த பிறகு தாங்கவில்லை!

சரி, பேச்சு போதும். தை மாத வாக்கில் வனத்துறை நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தும், தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்ளும். கரைவெட்டிக் கரையில் விடிவதற்கு முன் நிற்க வேண்டும். பளபளக்கிற சட்டை வேண்டாம், செல்போன் பாட்டு வேண்டவே வேண்டாம். பறவையின் பெயர் தெரியாதே என்று தயங்காதீர்கள், எண்ணத் தெரிந்தால் போதும், பெயரைப் பக்கத்தில் நிற்பவர் சொல்வார். மேடைக்கு இடப்பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் பெயரையும் பள்ளியையும் எழுதுங்கள். பெரியவர்களும் எழுதலாம், வயது கேட்க மாட்டோம்.