ஊதாப் பொறி

(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கற்றலில் பின்னூட்டம்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதை ஒரு வீடியோ கேமை வைத்துப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. விளையாட்டின் பெயர் மரியோ கார்ட். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1992-இல் 'சூப்பர் மரியோ கார்ட்' என்று தொடங்கிய பந்தய விளையாட்டு. 2019-இல் கைபேசிக்கும் வந்தது. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் கைபேசியில் ஓட்டும் பந்தயம் வேறாக இருக்கலாம். ஆனால் வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டு வேகம் சம்பாதிக்கும் வித்தையை அவர்களில் பலர் அறிவார்கள்.

2017-இல் வந்த 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' பதிப்பில் அது எப்படி என்று சொல்கிறேன். வளைவு வரும்போது வண்டியைத் திருப்பிக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வண்டி ஒரு துள்ளு துள்ளி, பக்கவாட்டில் சறுக்கும். இதற்கு டிரிஃப்ட் என்று பெயர். பொத்தானை விடாமல் பிடித்திருந்தால் சக்கரத்தடியில் நீலப் பொறி தெறிக்கும். இன்னும் பிடித்தால் ஆரஞ்சு. அதற்கும் மேலே ஊதா. விட்ட கணத்தில் வண்டி சீறிப் பாயும். நீலத்தில் விட்டால் சின்னப் பாய்ச்சல், ஊதாவில் விட்டால் நீண்ட பாய்ச்சல். நீலம் வருமுன் விட்டால் ஒன்றும் கிடையாது. ஆசைப்பட்டுப் பிடித்துக்கொண்டே போய்ச் சுவரில் மோதினால் சேர்த்ததெல்லாம் போச்சு! எந்தப் பக்கம் சறுக்குவது என்பதைத் துள்ளும்போதே தீர்மானித்துவிட வேண்டும். நடுவில் மாற்ற முடியாது. உள்பக்கமாக நெருக்கித் திருப்பினால் பொறி சீக்கிரம் நிறம் மாறும், ஆனால் ஓரத்துப் புல்லில் ஏறிவிடும் அபாயமும் கூடும்.

அறிவியல் ஆசிரியர்கள் இங்கே கை தூக்குவீர்கள். உண்மைதான், தார்ச்சாலையில் சக்கரம் சறுக்கினால் நழுவு உராய்வு வேகத்தைத் தின்றுவிடும். நிஜப் பந்தயத்தில் வளைவில் அதிகம் சறுக்குகிறவர் பின்தங்குவார். விளையாட்டு அந்த விதியைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் உராய்வு நடத்தும்போது, 'இந்த விளையாட்டில் எது பொய்?' என்று கேட்டுப் பாருங்கள். கடைசி பெஞ்சிலிருந்தும் பதில் வரும்.

நான் சொல்ல வந்தது அந்தப் பொறியைப் பற்றி. அது 'நன்று' என்று சொல்வதில்லை, 'கவனம் தேவை' என்றும் சொல்வதில்லை. 'நீ இப்போது இந்த இடத்தில் இருக்கிறாய். விடலாம், இன்னும் பிடிக்கலாம்' என்று மட்டும் சொல்கிறது. அதுவும் எப்போது? முடிவை மாற்ற இன்னும் நேரம் இருக்கும்போதே. நாம் திருத்திய நோட்டு பிள்ளை கைக்குப் போவதற்குள் சில சமயம் ஒரு வாரம் ஆகிவிடுகிறது. அதற்குள் அந்தப் பாடம் முடிந்து அடுத்த பாடம் நடந்துகொண்டிருக்கும். விளையாட்டில் பெரும்பாலான தடங்களில் மூன்று சுற்று. தவறவிட்ட அதே வளைவு சற்று நேரத்தில் மறுபடி வரும். நீள் வகுத்தலில் தடுக்கி விழுந்த பிள்ளைக்கு அதே வளைவு மறுபடி எப்போது வருகிறது? பல நேரம் தேர்வுத்தாளில்தான்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2005-இல் வந்த 'மரியோ கார்ட் டிஎஸ்' பதிப்பில், சறுக்கும்போது இடமும் வலமுமாக மாற்றி மாற்றி அழுத்தினால் பாய்ச்சல் கிடைக்கும். விரல் வேகமிருந்தால் போதும். வளைவே இல்லாத நேர்ச் சாலையிலும் பாம்புபோல நெளிந்து நெளிந்து ஓட்டிப் பாய்ச்சலுக்கு மேல் பாய்ச்சல் எடுக்கலாம் என்று விளையாடுவோர் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு 'ஸ்னேக்கிங்' என்றே பெயர் வைத்தார்கள். இணையத்தில் எதிராளியுடன் மோதும் போட்டிகளில் இது திறமையா, ஏமாற்றா என்று பெரிய சண்டை. என் கணிப்பில் அவர்கள் ஏமாற்றவில்லை. விதி எதற்குப் பரிசு கொடுத்ததோ அதைச் செய்தார்கள். 2008-இல் வந்த 'மரியோ கார்ட் வீ'யில் விரல் ஆட்டத்துக்குப் பதிலாக, சறுக்கும் நேரத்தை வைத்துப் பொறி வரும்படி மாற்றினார்கள். நேர்ச் சாலையில் நெளிவது பெரும்பாலும் கட்டுப்படியாகாமல் போயிற்று. வீட்டுப்பாடத்தைப் பக்கக் கணக்கில் கேட்டால் எழுத்து பெரிதாகும், வரிக்கு வரி இடைவெளி கூடும். பிள்ளையைத் திட்டிப் பயனில்லை, கணக்கை மாற்ற வேண்டும்.

'டீலக்ஸ்' பதிப்பில் 'ஸ்மார்ட் ஸ்டீரிங்' என்றொரு உதவி உண்டு. போட்டுக்கொண்டால் வண்டியின் பின்னால் சிறிய ஆண்டெனா முளைக்கும். வண்டி தடத்தைவிட்டு விழாது. நான்கு வயதுக் குழந்தையும் அக்காவோடு சேர்ந்து ஓட்டலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் அது இருக்கும்வரை ஊதாப் பொறி வராது, ஆரஞ்சோடு சரி. மெல்ல மலரும் மாணவர்களுக்கு நாம் கொடுக்கும் குறைந்தபட்சக் கற்றல் கையேடுகளை நான் இதோடு வைத்துப் பார்ப்பதுண்டு. கையேடு வேண்டும், அதில் சந்தேகமில்லை. எந்த மாதத்தில், எந்தப் பிள்ளையிடமிருந்து அதை எடுத்துவிடப் போகிறோம் என்று நம் பாடக்குறிப்பில் எங்காவது எழுதுகிறோமா?

தேநீர் இடைவேளையில் ஓர் ஆசிரியை, 'அப்படியானால் பிள்ளைகளைக் கேம் ஆட விடச் சொல்கிறீர்களா சார்?' என்று கேட்டார். இல்லை அம்மா. எவ்வளவு நேரம் ஆடலாம் என்பது பெற்றோரோடு பேசித் தீர்க்க வேண்டியது, அது தனிப் பேச்சு. நான் கேட்பது ஒன்றே. அடுத்த வாரம் உங்கள் பாடத்தில் ஒரு பயிற்சியை எடுங்கள். செய்துகொண்டிருக்கும்போதே, உங்களைக் கேட்காமலே, தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியும்படி அதை மாற்ற முடியுமா என்று பாருங்கள். வகுத்தலில் ஒவ்வொரு படியிலும் பெருக்கிச் சரிபார்ப்பது அப்படி ஒன்று. தமிழுக்கும் சமூக அறிவியலுக்கும் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. அந்தப் பாட ஆசிரியர்கள் இப்போது முன்வரிசைக்கு வாருங்கள், ஒரு பாடத்தை எடுத்து இங்கேயே முயன்று பார்ப்போம்.