காமதேனுவின் இறக்கை, மரப்பாச்சியின் கூந்தல்

(நமது குடியிருப்பு நலச் சங்கத்தின் நவராத்திரி மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் கணக்கு எழுதியவனுக்குப் பொம்மையைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நம் கொலுவில் மூன்றாம் படியில் காமதேனு நிற்கிறது பாருங்கள், அதன் இறக்கை இரண்டும் நான் செய்தவை. மேல் படியில் மரப்பாச்சி ஜோடி இருக்கிறது. அந்த அம்மாளின் பின்னலும் என் கைவேலைதான். அந்தக் கதையைச் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

போன வருடம் பேத்தி தன் போனில் சில பொம்மைகளைக் காட்டினாள். கை கால் மூட்டெல்லாம் அசையும் பொம்மைகள். ஜப்பானில் வோக்ஸ் நிறுவனம் 1999இல் ‘சூப்பர் டால்ஃபி’ என்று கொண்டுவந்த வகையாம். கண், முடி, இறக்கை எல்லாம் தனித்தனியாக விற்கிறார்கள். தலையின் சுற்றளவை அங்குலத்தில் சொல்லித்தான் முடி வாங்க வேண்டும். “தாத்தா, நம்ம வீட்டுல இறக்கை வச்ச பொம்மை இல்லையா?” என்று கேட்டாள். பெண் முகம், பசு உடல், மயில் தோகை, முதுகில் இறக்கை. இதைவிடக் கற்பனைப் பொம்மை வேறு உண்டா? பெருமையாகப் பரணிலிருந்து அம்மாவின் காமதேனுவை இறக்கினேன். இரண்டு இறக்கையும் உடைந்து கிடந்தன.

எபாக்சி களிம்பைப் பிசைந்து புது இறக்கை செய்து ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி ‘டொப்’பென்று சத்தம். பொம்மை பின்பக்கமாகச் சாய்ந்து, கழுத்தில் விரிசல். காகிதக் கூழ் பொம்மையின் முதுகில் கல் மாதிரி இறக்கையை ஏற்றினால் வேறென்ன நடக்கும்? தப்பு முழுக்க என்னுடையது. அம்மா ஐம்பது வருடம் காப்பாற்றியதை நான் மூன்று நாளில் உடைத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் அரும்பாவூருக்குப் போனேன். பச்சைமலை அடிவாரத்தில், நம் மாவட்டத்திலேயே இருக்கிற ஊர். வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் சாமி சிலைகளும் கோயில் வாகனங்களும் செதுக்குகிறார்கள். 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்மில் எத்தனை பேர் அங்கே போய்ப் பார்த்திருக்கிறோம்? ஒரு பெரியவர் கருடன் இறக்கையில் உளி பிடித்துக்கொண்டிருந்தார். விரிசல் விட்ட காமதேனுவைக் காட்டினேன். “மர ரேகை இறக்கையோட நீளத்துக்கு ஓடணுங்க. குறுக்கே ஓடினா நுனி ஒடிஞ்சிடும்” என்றவர், பொம்மையைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, “இதுக்கு மரமும் வேணாம், நெட்டி போதும்” என்றார்.

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலை உங்களுக்குத் தெரியும். குளத்தில் வளரும் செடியின் தண்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தக்கைதான் அந்த நெட்டி. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அதே 2020இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கூர்மையான பிளேடால் மெல்லியதாகச் சீவி, இறகு வடிவில் நறுக்கினேன். கட்டுக்கம்பியை வளைத்து எலும்பு மாதிரி ஒரு சட்டம். அதில் நீள இறகுகளை முதலில் விளிம்பில் ஒட்டி, அதன்மேல் குட்டை இறகுகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். கூரை வேய்கிற மாதிரிதான், கீழிருந்து மேலே. கம்பியின் நுனியைப் பொம்மையின் முதுகில் இரண்டு சிறு துளையிட்டுச் செருகினேன். கொலு முடிந்ததும் இறக்கையைக் கழற்றித் தனி டப்பாவில் வைத்துவிடலாம். பரணில் உடைவதெல்லாம் கழற்ற முடியாத இறக்கைகள்தான்.

சிலர் மயிலிறகு வைக்கலாமே என்பார்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் வைத்துக்கொள்ளலாம். பறித்ததென்றால் குற்றம். வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை. அமெரிக்காவில் உள்ள பேரப்பிள்ளைகளுக்குப் பொம்மை அனுப்புகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கூந்தல். பரணில் அதே பெட்டிக்குள் அம்மாவின் சவுரி இருந்தது. சீவும்போது உதிர்ந்த தன் முடியையே சேர்த்து வைத்துக் கட்டிக்கொண்டது. மரப்பாச்சிக்கு அதையே வைத்தால் அம்மாவே கொலுவில் உட்கார்ந்த மாதிரி இருக்குமே என்று எனக்கு ஆசை. தங்கச்சி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். “உதிர்ந்த முடி கொலுப்படி ஏறக்கூடாதுண்ணா. அம்மாவே ஒத்துக்க மாட்டாங்க.” யோசித்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரிதான். சவுரி பெட்டியிலேயே இருக்கிறது. நான் கறுப்புப் பட்டு நூல் வாங்கினேன்.

முதலில் மரப்பாச்சியின் தலையில் பால் கவரை இறுக்கிக் கட்டி, மேலே மெல்லிய துணியைப் பசையில் நனைத்துப் போர்த்தி ஒரு ராத்திரி காயவிட்டால், தலைக்கு அளவெடுத்த குல்லாய் தயார். பிடரியிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக நூலை ஒட்டிக்கொண்டே மேலே வந்து, கடைசியில் வகிடு எடுக்க வேண்டும். நான் முதலில் இழை இழையாக ஒட்டித் தோற்றேன். பிறகு ஒரு நாள் கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தபோது, சிவபெருமான் சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பத்தின் முன்னால் நின்று பார்த்தேன். சோழர் காலத்துச் சிற்பி முடியை இழை இழையாகச் செதுக்கவில்லை, சடை சடையாகக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து நூலைக் கற்றை கற்றையாக ஒட்டினேன். நன்றாக உட்கார்ந்தது. சுருள் வேண்டுமென்றால் நூலை நனைத்து ஊதுவத்திக் குச்சியில் சுற்றிக் காயவிடுங்கள்.

பழக்கம் விடாதே, செலவுக் கணக்கும் எழுதினேன். நெட்டி, நூல், கம்பி, பசை எல்லாம் சேர்த்து 180 ரூபாய். நேரம் 22 மணி. இப்போது சொல்லுங்கள், இதை நான் 250 ரூபாய்க்கு விற்றால் என் கூலி மணிக்கு எவ்வளவு? மூன்றரை ரூபாய்கூட வராது. போன மாதம் வரை நானும் பொம்மைக் கடையில் “நூறு ரூபாய் குறைச்சுக்கோம்மா” என்று பேரம் பேசியவன்தான். பொருளின் விலை மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அவர்கள் போட்ட நேரத்தை எந்தப் பில்லிலும் எழுதுவதில்லை.

அதனால் இரண்டு வேண்டுகோள். கைவேலைப் பொம்மை வாங்கும்போது, இதைச் செய்ய எத்தனை நாள் ஆனது என்று கேட்டுவிட்டு, அப்புறம் பேரம் பேசத் தோன்றினால் பேசுங்கள். இரண்டாவது, கை போன பொம்மை, மூக்கு போன பொம்மையை அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். நான் இருப்பேன். பசை என்னுடையது, பொறுமை உங்களுடையது.

காமதேனுவின் கழுத்தில் அந்த விரிசலை மட்டும் நான் பூசி மறைக்கவில்லை. கிட்டே போனால் தெரியும். குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சுண்டல் ஆறுகிறது.