பன்னிரண்டடிக் கொல்லையில் ஒரு பறங்கிக்காய்

(பங்கு மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



இந்த யூபிலி விழா மேடையில் பெரியோர் பலர் பெரிய பொருள்களைப் பற்றிப் பேசிச் சென்றார்கள். எங்களைப் பறங்கிக்காயைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் சற்றுப் பெரிய பொருள்தான் என்பதால் துணிந்து வந்துவிட்டோம்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறோம். பூசணி என்றதும் நம்மில் பாதிப்பேர் கல்யாணச் சமையலுக்கு வாங்கும் சாம்பல் பூசணியை நினைப்பீர்கள். அது இங்கே நெடுங்காலமாக இருப்பது. நாங்கள் சொல்வது மஞ்சள் பூசணி. அமெரிக்கக் கண்டத்துக் காய். போர்த்துக்கீசியர் வந்த பிறகே நம் அடுப்புக்கு வந்தது. அவர்களைப் பறங்கியர் என்றழைத்த நம் முன்னோர், கடல் கடந்து வந்த காய்க்கும் அப்பெயரையே சூட்டிவிட்டார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரைமணிக்குள் வரும் பரங்கிமலைக்கும் அதே பெயர்தான். அம்மலையில் அவர்கள் மாதா கோயில் கட்டியது 1523-ல். எழுத்தில் றகரம் ரகரமாயிற்றே தவிர, மலையும் காயும் ஒரே பெயருக்கு உரியவை. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதக சுவாமிகள், தாம் பறங்கியர் அல்லர் என்று ஊராருக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருந்தது. காய்க்கு அந்தச் சங்கடம் நேரவில்லை. பெயரை வைத்துக்கொண்டே நம் கூட்டிலும் குழம்பிலும் கலந்துவிட்டது.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலைக்கு உட்புறம். கொல்லையில் மதிலுக்கும் கிணற்றுக்கும் நடுவே பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி மண் இருக்கிறது. 2013-ல் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பத்து விதைகள் கொடுத்தார். 'அட்லாண்டிக் ஜயண்ட்' என்று பெயர். கனடாவில், நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹோவர்டு டில் என்ற விவசாயி பல்லாண்டுகள் பொறுக்கியெடுத்து உருவாக்கிய ரகம். 1979 முதல் 1982 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலகின் மிகப் பெரிய காய் அவருடையதே. அந்த வழியில் வந்த காய்கள் இன்று எங்கேயோ போய்விட்டன. 2025 அக்டோபரில் இங்கிலாந்தில் பேட்டன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் எடைபோட்ட காய் 1,278 கிலோ. சிறிய மாருதி கார்கூட அவ்வளவு கனம் இராது.

எங்கள் பத்து விதையில் ஏழு முளைத்தன. காய் ஒன்றுகூட நிற்கவில்லை. அந்த இனம் குளிர்ந்த இரவையும், பதினைந்து மணி நேரம் நீளும் பகலையும் கேட்பது. தாம்பரத்துச் சித்திரையில் இரவிலும் சுவர் சுடும். நண்பகலில் இலை துவண்டது, சாம்பல் நோய் பிடித்தது, பூத்ததெல்லாம் ஆண்பூ. வெப்பம் மிகுந்தால் இந்த இனத்தில் ஆண்பூ மிகும் என்பது பிறகே தெரிந்தது. தெரிந்தபின் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-1 ரகத்துக்கு வந்தோம். ஏழு எட்டு கிலோ காய்க்கும் நம்மூர்ப் பறங்கி. ஒரு கொடியில் பல காய் விடாமல் ஒன்றே ஒன்று விட்டால் எவ்வளவு வரும் என்று பார்க்கத்தான் ஆசை.

செய்முறை கடினமல்ல. ஓரடி ஆழக் குழியில் பத்துக் கிலோ மக்கிய சாணம். ஐந்து விதை ஊன்றி, பதினைந்து நாளில் வலுவான ஒன்றை மட்டும் நிறுத்தவேண்டும். கொடி ஓடும்போது கணுக்களின் மேல் மண் அணைத்தால் அங்கெல்லாம் வேர் இறங்கும். சிறிய இடத்தில் இது பெரிய உதவி. கொடியைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொள்ளலாம். பெண்பூவின் அடியில் குண்டுமணிபோல் பிஞ்சு இருக்கும். மறுநாள் மலரப்போகும் பூவை முதல்நாள் மாலையே நூலால் கட்டிவைத்து, விடிந்ததும் ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைத் தடவி மறுபடி கட்டிவிடவேண்டும். வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். எனவே காலைக் காப்பியைத் தள்ளிப்போடத் தயாரானவர்களே இதில் இறங்குக. பிஞ்சு எலுமிச்சை அளவானதும் பழைய வேட்டித் துணி சுற்றினால் காய் ஈ அண்டாது. அடியில் மணல் பரப்பிப் பலகை வைத்தால் அழுகாது.

கடினமானது மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளுவதுதான். பத்துப் பிஞ்சில் ஒன்பதைக் கிள்ளி எறியவேண்டும். முதல் முறை எங்கள் வீட்டில் இதற்காக ஒரு வாரம் சரியான பேச்சுவார்த்தை இல்லை. "தானாகக் காய்ப்பதைக் கிள்ளுவார்களா?" என்பது ஒரு கட்சி. கிள்ளியதைப் பொரியல் செய்யலாம் என்றதும் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆண்பூ மட்டும் ஏராளம். ஆடியில் ஊன்றிய கொடி மழையைத் தாங்கினால் மார்கழியிலும் பூக்கும். அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் கோலத்தில் வைக்க விடியுமுன்னே வந்து, "தாத்தா, பூ இருக்கா?" என்று மதிலருகில் நிற்பார்கள். அந்த ஒரு மாதம் எங்கள் கதவுக்கு மரியாதை அதிகம்.

2015-ல் அந்த மார்கழி வாய்க்கவில்லை. டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன ஆயின என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் கொல்லையில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. வேர் மூச்சுமுட்டிச் செத்தது. பன்னிரண்டு கிலோ இருக்கும் என்று நாங்கள் மதிப்பிட்டிருந்த காய் எங்கே மிதந்து போயிற்றோ!

2019-ல் நேர்மாறு. தையில் ஊன்றிய கொடி. சித்திரையில் காய் தேங்காயைவிடப் பெரிதாகி, நாளுக்கு நாள் பருத்தது. கிணற்று நீர் இறங்கிக்கொண்டே போயிற்று. கொடிக்கு நாள்தோறும் இரண்டு குடம், அதாவது முப்பது லிட்டர். நான்கு மாதத்துக்குக் கணக்கிட்டால் 3,600 லிட்டர். பறங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்றாலும், காயில் தங்குவது சிறு பகுதி. மற்றதெல்லாம் இலை வழியாகக் காற்றுக்குப் போகிறது. ஒருநாள் மாலை நாங்கள் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது, லாரிக்காகக் காத்து ஏமாந்து திரும்பிய அடுத்த தெரு அம்மா ஒருவர், வெறுங்குடத்தோடு மதிலுக்கு அப்பால் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டு நடந்தார். கூப்பிட்டுக் கிணற்றில் இறைத்துக்கொள்ளச் சொன்னோம். அதுவரை நாங்களாகச் சொல்லவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். அன்றிலிருந்து கொடிக்கு அரிசி கழுவிய நீர் மட்டும். ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகளில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் குடிநீரோடு ரயில் சென்னைக்கு வந்தபோது, எங்கள் காய் ஐந்து கிலோவில் நின்று, முற்றி, சமையலும் ஆகியிருந்தது. ருசியில் குறையில்லை.

அதன் பிறகு குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் குழி தோண்டி, கருங்கல் ஜல்லியும் மணலும் இட்டு, கல்வாழை நட்டோம். அதில் ஊறித் தெளியும் நீரே கொடிக்கு. வேரில் மட்டும், காயில் படாமல். கிணற்றிலிருந்து ஒரு குடமும் இல்லை. 2022-ல் தையில் ஊன்றி ஆனியில் அறுத்தோம். காம்பு கட்டையாகி, நகம் பதியாத தோலாகும்வரை பொறுத்திருந்தோம். பழைய பேப்பர் கடைக்காரர் தம் தராசில் இரண்டு முறை நிறுத்தார்: 16 கிலோ 400 கிராம். இங்கிலாந்துச் சகோதரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பேப்பர் கடைக்காரர் சிரிக்கவில்லை. தம் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அதைக் கீற்றுகளாக்கிப் பதினொரு வீடுகளுக்குக் கொடுத்தோம். முதல் கீற்று அந்தக் குடத்து அம்மாவுக்கு. அவர் செம்பாக்கத்தில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோயிருந்தார். விசாரித்துத் தேடிப் போனோம். மறுவாரம் அதே பாத்திரத்தில் பால்கூட்டு வந்தது.

சென்ற ஆனியில் அறுத்த காயின் விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறோம். மண்டப வாசலில் இருக்கும். வீட்டுக்கு இரண்டு விதை. இடமில்லை என்பவர்களுக்கு, பழைய தண்ணீர்த் தொட்டியில் மண் நிரப்பியும் ஊன்றலாம். காய் சிறுக்கும், அவ்வளவுதான். ஆடி பிறக்கட்டும்.