செண்பகப் பூவாய் வந்த நடிகை



இன்று ஒரு நடிகையின் கலை வாழ்வைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அவர் பெயர் காஸ்மா பூட்டி. உங்கள் வீட்டில் எண்பது வயதைக் கடந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகள் அவர்கள் நினைவுக்கு வரக்கூடும்.

காஸ்மா 1932ஆம் ஆண்டு வட சுமத்திராவில் கிசாரான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை டச்சுக்காரர், தாய் ஜாவானியர். கிசாரானைச் சுற்றி இருப்பவை ரப்பர்த் தோட்டங்கள். நம் முன்னோர் மலாயாவில் காடு திருத்திய அதே காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் ஜாவானியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சுமத்திராவின் மண்ணைத் திருத்தினார்கள். தமிழரும் அங்கே உழைத்ததுண்டு.

டச்சு ஆட்சியில் கலப்பு மணத்துப் பிள்ளைகளின் நிலை விசித்திரமானது. தந்தை சட்டப்படி ஏற்றுக்கொண்டால் அந்தப் பிள்ளை ஐரோப்பியர் கணக்கில் சேரும். ஏற்காவிட்டால் தாயின் இனத்தோடு சேர்ந்துவிடும். ஒரு கையெழுத்தில் பிள்ளையின் தலையெழுத்தே மாறிவிடும். 1942இல் ஜப்பானியர் சுமத்திராவைப் பிடித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. நேற்றுவரை பெருமையாக இருந்த டச்சு இரத்தம் அன்று முதல் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. இப்படி ஆட்சி மாறும்போதெல்லாம் மதிப்பும் மாறிய ஒரு கூட்டத்தில் பிறந்தவர்தான் காஸ்மா.

போர் முடிந்தபின் கலைஞர்கள் நாடிச் சென்ற நகரம் சிங்கப்பூர். தேக்காவை அடுத்து, சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் இடையே 'நியூ வோர்ல்டு' என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1923இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் சீன நாடகம் ஒரு பக்கம், குத்துச்சண்டை ஒரு பக்கம், மலாய் பங்சாவான் நாடகம் ஒரு பக்கம் என்று நடக்கும்.

பங்சாவான் என்பது என்ன? பம்பாயிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாய்க் கலைஞர்கள் உருவாக்கிய மேடைக்கலை அது. திரை, பாட்டு, அரச உடை, காட்சிக்குக் காட்சி இடையே நகைச்சுவை என்று நம்முடைய பழைய கம்பெனி நாடகத்தைப் போலவே இருக்கும். பார்சி நாடகத்தின் சாயல் தமிழ் மேடையிலும் விழுந்ததல்லவா? ஆகவே இரண்டும் ஒரு வகையில் உறவு முறை. எழுதிவைத்த வசனம் பெரும்பாலும் கிடையாது. கதையைச் சொல்லிவிடுவார்கள், மேடையில் நின்று நடிகரே பேசிக்கொள்ள வேண்டும். தலைமை நடிகைக்கு 'ஸ்ரீ பங்கோங்' என்று பட்டம். அதில் இருக்கும் 'ஸ்ரீ' நமக்குத் தெரிந்த சொல்தானே! மலாய்த் திரையுலகின் தொடக்ககால நடிகர்களில் பலர் இந்த மேடையிலிருந்து வந்தவர்கள்தாம்.

அதே சிராங்கூன் சாலையில் வடக்கே போனால் பாலஸ்டியர் சாலை பிரியும். அதன் ஒரு கிளைத்தெரு ஜாலான் அம்பாஸ். அங்கேதான் ஷா சகோதரர்களின் 'மலாய் பிலிம் புரொடக்சன்ஸ்' ஸ்டூடியோ இருந்தது. போரால் நின்றுபோன படத்தயாரிப்பு 1947இல் அங்கு மீண்டும் தொடங்கியது. 1940களின் கடைசியில், பதினாறு வயது எட்டியும் எட்டாத பருவத்தில், காஸ்மா 'செம்பாக்கா' என்ற படத்தில் கதாநாயகியாக வந்தார். செம்பாக்கா என்றால் வேறொன்றுமில்லை, நம் செண்பகப் பூதான். வட இந்தியரான பி. எஸ். ராஜ்ஹன்ஸ் அதை இயக்கினார்.

அந்த ஸ்டூடியோவைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதலாளிகள் சீனர். இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியர். நடிகர்கள் மலாயாவிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்தவர்கள். படம் பேசுவதோ மலாய் மொழி. தமிழகத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்த எல். கிருஷ்ணன் 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தை இயக்கினார். பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம் அது. அவருக்கு ஜோடி காஸ்மா. அடுத்த ஆண்டு எஸ். ராமநாதன் இயக்கத்தில் இருவரும் 'ஜுவித்தா' படத்திலும் சேர்ந்து நடித்தார்கள். பாடல் காட்சிகளில் நடிகையின் உதடு அசையும். குரல் நோனா ஆசியா போன்ற பின்னணிப் பாடகிகளுடையதாக இருக்கும். ஒரு பெண்ணின் முகமும் இன்னொரு பெண்ணின் குரலும் சேர்ந்துதான் ரசிகர்களை மயக்கின.

காஸ்மாவை 'மலாயாவின் எலிசபெத் டெய்லர்' என்றே அழைத்தார்கள். அந்த ஹாலிவுட் நடிகையும் அதே 1932இல் பிறந்தவர். ஆனால் இருவர் வாங்கிய சம்பளத்தை ஒப்பிடவே முடியாது. ஜாலான் அம்பாஸில் நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்கள். பலருக்கு ஸ்டூடியோ அருகிலேயே கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும். இந்தக் கணக்கு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

காஸ்மா புகழ் பெற்ற அதே நிறுவனத்தில், 1957 மார்ச்சில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. சம்பள உயர்வு கேட்ட கலைஞர் சங்கத்தைச் சேர்ந்த ஐவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் வெளியே வந்து நின்றார்கள். சங்கத் தலைவர் வேறு யாருமல்லர், பி. ரம்லிதான். ஏப்ரலில் உடன்பாடு ஏற்பட்டது, நீக்கப்பட்டவர்கள் திரும்பினார்கள். சுவரொட்டியில் சிரிக்கும் முகத்துக்குப் பின்னாலும் ஒரு தொழிலாளி இருக்கிறார், அவருக்கும் சங்கம் வேண்டியிருக்கிறது என்பதை அன்று ஊர் கண்டது.

1958இல் காஸ்மா நடித்த 'மசூரி' அவர் பெயரை நிலைக்க வைத்தது. லங்காவித் தீவின் பழங்கதை அது. கணவன் இல்லாத நேரத்தில் மசூரி மீது ஊரார் வீண்பழி சுமத்துகிறார்கள். கிரிஸ் என்னும் குத்துவாளால் அவளுக்கு மரண தண்டனை. உடலிலிருந்து வெள்ளை இரத்தம் வழிகிறது. இந்தத் தீவு ஏழு தலைமுறை செழிக்காது என்று சபித்துவிட்டு அவள் இறக்கிறாள். மதுரையில் நீதி கேட்ட கண்ணகியை அறிந்த நமக்கு இந்தக் கதை அந்நியமாகப் படுமா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலாய் மக்கள் தங்கள் கற்புக்கரசியாகப் போற்றும் மசூரிக்குத் திரையில் முகம் கொடுத்தவர் டச்சுத் தந்தைக்கும் ஜாவானியத் தாய்க்கும் பிறந்த பெண். மக்கள் அவரை மசூரியாகவே ஏற்றுக்கொண்டார்கள். டச்சுச் சட்டம் ஒரு கையெழுத்தைக் கேட்டது. மக்கள் அவருடைய நடிப்பைப் பார்த்தார்கள்.

ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ 150க்கும் மேற்பட்ட படங்களைத் தந்துவிட்டு 1967இல் மூடப்பட்டது. நியூ வோர்ல்டு பூங்கா இருந்த இடத்தில் இன்று பெரிய கடைத்தொகுதி நிற்கிறது. காஸ்மா பூட்டி 2007 ஜூன் 1ஆம் நாள் காலமானார்.

தாய்மார்களே, நம் தோட்டங்களிலும் அக்கம்பக்கத்திலும் கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைகள் உண்டு. "இது எந்தச் சாதி, எந்த இனம்?" என்று அவர்கள் காதுபடவே கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வி பிள்ளையின் மனத்தைப் பாலுக்கு வெட்டிய மரம்போல் கீறிவிடும். ஆழமாக வெட்டிய கீறலில் பட்டை சரியாக வளராது என்பது பால்வெட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குப் பாட வருகிறதா, ஆட வருகிறதா, படிக்க வருகிறதா என்று கேளுங்கள். பள்ளி விழாவில் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து மேடை ஏற்றுங்கள். கிசாரானில் பிறந்த ஒரு குழந்தை செண்பகமாகவும் மசூரியாகவும் மலர்ந்தது என்றால், உங்கள் வீட்டுப் பக்கத்திலும் அப்படி ஒரு குழந்தை இருக்கலாம்.