வாற்கோதுமை அப்பமும் கம்பங்கூழும்

(பொன்விழா ஆயத்த நாட்களில், மாலைச் செபமாலைக்குப்பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கடந்த இரண்டு மாலைகளிலும் ஞான காரியங்களைப்பற்றிக் கேட்டீர்கள். இன்று உங்கள் அடுப்பங்கரையைப்பற்றிப் பேசப்போகிறேன். சாமியாருக்கு அங்கே என்ன வேலை என்று தாய்மார்கள் சிரிப்பது தெரிகிறது. முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் வேலைதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், வீட்டில் படுத்தபடி நற்கருணை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எழுபது, எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள். இன்று என் பட்டியலில் என்னைவிட இளையவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நல்ல உழைப்பாளி. காட்டுவேலையின்போது சீமைக்கருவேல முள் காலில் ஏறியது அவருக்குத் தெரியவேயில்லை. பல வருடச் சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. வலித்திருந்தால் அன்றே பிடுங்கி எறிந்திருப்பார். புண் அழுகி, முதலில் விரலையும், பிறகு முழங்காலுக்குக் கீழேயும் எடுக்க வேண்டியதாயிற்று. முள்தான் காரணம் என்று வீட்டார் இன்றும் சொல்லுகிறார்கள். முள் ஒரு நாள் குத்தியது. அதற்கு வழிசெய்து கொடுத்ததோ இருபது வருடச் சாப்பாடு.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். பரம்பரையும் இதற்கு ஒரு காரணம். உடலுழைப்புக் குறைந்ததும் காரணம். ஆனால் இரண்டையும்விட நம் கையில் இருப்பது தட்டு.

நம் பாட்டிமார் காலத்தில் இந்தக் கரிசல் சீமையில் நெல்லுச்சோறு என்றால் பண்டிகை என்று பொருள். மற்ற நாளெல்லாம் கம்பு, சோளம், குதிரைவாலி. தொட்டுக்கொள்ளக் கானத்துவையல், வெங்காயம், மோர்மிளகாய். பிறகு அரிசி வந்தது. ரேஷனில் கிலோ அரிசி 2008-ல் ஒரு ரூபாயாயிற்று. 2011 முதல் விலையில்லாமலே கிடைக்கிறது. அதைக் குறைசொல்லுகிறவன் பசியை அறியாதவன். எத்தனையோ அடுப்புகள் அதனால் எரிந்தன. ஆனால் பண்டிகைச் சோறு மூன்று வேளைச் சோறாகிவிட்டது. காலையில் இட்லி, மதியம் குவித்த சோறு, இரவில் தோசை அல்லது பரோட்டா. காட்டிலோ இப்போது மக்காச்சோளம். அதில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது. கோழிக்குத் தானியம், நமக்குத் தவிடு நீக்கிய வெள்ளை அரிசி!

தவிட்டோடு என்ன போகிறது என்பது புதுச் செய்தியல்ல. நம் குன்னூரிலேயே மக்காரிசன் என்ற மருத்துவர் 1918 முதல் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். நன்றாகத் தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்த மக்களை அந்த நோய் தாக்கியது. நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும்போது சத்து உள்ளே ஊறிவிடுவதால் புழுங்கலரிசி ஓரளவு காத்தது.

தேசிய உணவூட்ட நிறுவனத்தின் 2017-ம் ஆண்டு அட்டவணையில், 100 கிராம் கம்பில் நார்ச்சத்து 11 கிராமுக்குமேல். வெள்ளையரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. இரும்புச்சத்து கம்பில் 6 மில்லிகிராமுக்குமேல். அரிசியில் ஒன்றுகூட இல்லை. நார் குறைந்த சோறு சீக்கிரம் கரைந்து இரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இரண்டிலும் கலோரி ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கம்பு என்பதற்காக இரண்டு பங்கு சாப்பிட்டால் பயனில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் குதிரைவாலியை நம்புவதும் புத்தியல்ல.

சென்ற கோடையில் முன்னறிவிப்பில்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். நண்பகல். அந்தத் தாய் கூழ்ச்சட்டியைச் சட்டென்று சேலைத் தலைப்பால் மூடிவிட்டு, மகனைக் கடைக்குக் கலர் வாங்க ஓட்டினார். “கூழைக் கொடுங்கள் அம்மா” என்றேன். “சாமிக்கு எப்படிக் கூழைக் கொடுக்கிறது?” என்று கண்கலங்கிவிட்டார். நான் வற்புறுத்தி வாங்கிக் குடித்தேன். அன்றிரவு யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஆண்டவர் பலுகச்செய்த ஐந்து அப்பங்களும் வாற்கோதுமை அப்பங்கள் என்று யோவான் மட்டுமே குறிக்கிறார். அந்நாட்டில் கோதுமை வசதியுள்ளவனுடைய தானியம், வாற்கோதுமை ஏழையினுடையது. அந்தச் சிறுவன் அதை மூடி மறைக்கவில்லை. ஆண்டவரும் வேறு வாங்கிவரச் சொல்லவில்லை.

நாம் கம்பை விட்டதற்குக் கௌரவமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1901-ல் தோன்றிய நம் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்காகவே உழைக்கிறது. அங்கே பிறந்த சோள ரகங்களுக்கு நம் ஊரின் முதலெழுத்தான ‘கே’ என்றுதான் பெயர். ஊர் பெயரைத் தாங்கிய தானியத்துக்கு ஊரார் வீட்டில் இடமில்லை. பட்டணத்திலோ அதையே பளபளப்பான பொட்டலத்தில் அதிக விலைக்கு வாங்குகிறார்கள்!

அடுத்து, தித்திப்பு. வீடு மந்திரிக்கப் போகும்போது பத்து வீட்டில் பத்துத் தேநீர். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சீனி. உலக சுகாதார நிறுவனமோ நாளைக்கு ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நலம் என்கிறது. இனி எனக்குச் சீனியில்லாத தேநீர் தாருங்கள், கோபிக்கமாட்டேன். கருப்பட்டிக் காப்பி சர்க்கரைக்காரருக்கு ஒன்றும் செய்யாது என்பது தவறு. வெல்லமும் அப்படியே. கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பெருமை. பங்கில் பல குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. அதைப் பழித்தால் என்னை ஊரைவிட்டே அனுப்பிவிடுவீர்கள். கடலை நல்லது. பாகு பாகுதான். சர்க்கரைக்காரர் அளவறிந்து தின்னட்டும்.

உப்பைப்பற்றி ஒரே வார்த்தை: ஒருவருக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடு, ஊறுகாய், சேவு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

தவக்காலத்தில் மாத்திரை போட்டுக்கொண்டு ஒருசந்தி இருந்து, கோயிலிலேயே மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருச்சபை அதைக் கேட்கவில்லை. ஒருசந்திக் கடமை 18 வயது முதல் 59 நிறையும்வரைதான்; அந்த வயதிலும் நோயாளியை அது கட்டுப்படுத்தாது. நற்கருணைக்கு முந்திய ஒருமணி நேர உபவாசத்தைத் தண்ணீரோ மருந்தோ முறிக்காது. முதியவரும் நோயாளியும் அந்நேரத்தில் சாப்பிட்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். அவர்கள் தவத்துக்குச் சீனியை விடட்டும்.

பொன்விழா அசனத்தில் பிரியாணியை நிறுத்திவிடுவேனோ என்று விழாக்குழுவினர் கலங்குவதாக அறிகிறேன். நிறுத்தமாட்டேன். திருநாள் திருநாளாகவே இருக்கட்டும். குதிரைவாலிப் பாயசம் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதிலும் வெல்லம்தானே ஐயா என்றேன். பாயசத்துக்குப் பதில் மோர் கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. அடுத்த ஞாயிறு காலை மண்டபத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். கால்களையும் பார்ப்பார்கள். செருப்பைக் கழற்றக் கூச்சப்படாமல் வாருங்கள். வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன்.