முகப்பருவும் ஒளி மருத்துவமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியில் நான் படித்தது ஒரே ஒரு வருஷம்தான். பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்தேன். மறு வருஷம் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் போய்விட்டேன். இருந்தாலும் சங்கத்தார் என்னை 'நம்ம ஆள்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நன்றி. தோல் மருத்துவர் என்றதும் செயலாளர் சொன்ன தலைப்பு இதுதான்: "லைட் வச்சா பரு போயிடுமாமே, அதைப் பத்திப் பேசுங்க சார்."

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் ஊர் வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் என்னிடம் வந்தார்கள். "பொண்ணு பாக்க வாராங்க டாக்டர். வளையலை அடகு வச்சாவது லேசர் வச்சிரலாம்னு இருக்கோம்" என்றார் அந்த அம்மா. பெண் தலை நிமிரவே இல்லை. இரண்டு கன்னத்திலும் சிவந்து பழுத்த பருக்கள். அந்த நிலையில் லேசருக்குச் செலவழிப்பது பணத்தை ஆற்றில் போடுவது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒளியால் நோயைத் தீர்ப்பது புதிய விஷயம் அல்ல. தோலில் வரும் வெண்புள்ளிக்குக் கார்போக அரிசியைக் கொடுத்து வெயில் காயச் சொல்வது நம் நாட்டின் பழைய வைத்தியம். அதில் உள்ள சோராலன் என்ற பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்து வேலை செய்கிறது. டென்மார்க்கில் நீல்ஸ் ஃபின்சன் தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை அளித்து 1903-ல் நோபல் பரிசு பெற்றார். மஞ்சள் காமாலை வந்த பச்சைக் குழந்தையை நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

சரி, பருவுக்கு வருவோம். பரு வர நாலு காரணங்கள் ஒன்று சேர வேண்டும். எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது. மயிர்க்கால் துளை அடைபடுகிறது. உள்ளே ஒரு வகைப் பாக்டீரியா பெருகுகிறது. அந்த இடம் வீங்கிப் பழுக்கிறது. இந்தப் பாக்டீரியா போர்ஃபிரின் என்ற பொருளை உண்டாக்குகிறது. சுமார் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி படும்போது போர்ஃபிரின் அதை உறிஞ்சி, தீவிரமான ஒருவகை ஆக்ஸிஜனை வெளியிடும். அதில் பாக்டீரியா சாகிறது. தன் வீட்டு விறகிலேயே தீப்பற்றின கதைதான். 630 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி இன்னும் கொஞ்சம் ஆழம் போய் வீக்கத்தைக் குறைக்க உதவுகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு காரணத்தில் முக்கியமாக இரண்டைத்தான் ஒளி தொடுகிறது. அடைப்பு அப்படியே இருக்கும். விளக்கை நிறுத்தினால் பாக்டீரியா திரும்ப வரும். 2016-ல் காக்ரேன் அமைப்பு 71 ஆய்வுகளை, 4,211 பேரின் விவரங்களை அலசிப் பார்த்து, ஒளி சிகிச்சையின் பலனை உறுதியாகச் சொல்லத் தரமான சான்று போதாது என்றது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. அது உறுதியாகப் பரிந்துரைப்பவை பென்சாயில் பெராக்ஸைடு, அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகளும் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகளும்தான். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் உண்டு. ஆனால் அதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது. டாக்டர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும்.

அடுத்தது தழும்பு. நீல விளக்கும் சிவப்பு விளக்கும் குழியை நிரப்பாது. அதற்கு வேறு ஒளி வேண்டும். 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள கார்பன் டை ஆக்ஸைடு லேசர் கண்ணுக்குத் தெரியாது. தோலில் உள்ள தண்ணீர் அதை உறிஞ்சிச் சூடாகிறது. 'ஃப்ராக்ஷனல்' முறை 2004-ல் அறிமுகமானது. தோல் முழுவதையும் சுடாமல், ஊசி குத்தியது போல நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைப்பார்கள். புண் ஆறும்போது புதிய கொலாஜன் உண்டாகிக் குழி மேலே வருகிறது. பல தடவை செய்ய வேண்டும். குழி குறையும், மாயமாக மறையாது. குறுகி ஆழமான குழிக்கு லேசரைவிட அமிலம் வைப்பதும், அடியில் ஒட்டிப்போன தழும்பை ஊசியால் விடுவிப்பதும் நல்ல பலன் தரும்.

இங்கேதான் நம் நிறம் கணக்கில் வருகிறது. நம் தோலில் மெலனின் அதிகம். சூடு கொஞ்சம் கூடினாலும் அந்த இடம் கறுத்துவிடும். ஒப்புக்கொள்கிறேன், இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இளைஞனுக்கு லேசரின் அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டேன். குழி குறைந்தது, கன்னம் கறுத்தது. கறுப்பு மங்க எட்டு மாதம் ஆயிற்று. "பழைய குழியே தேவலாம் சார்" என்று அவன் சொன்னது இன்றும் காதில் கேட்கிறது. அதன் பிறகு காதுக்குப் பக்கத்தில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்காமல் நான் லேசரைத் தொடுவதில்லை.

பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். பருவுக்கு எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு காலேஜுக்கு வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். எலுமிச்சையிலும், அதிலும் முக்கியமாக அதன் தோலில், கார்போக அரிசியில் உள்ள சோராலன் குடும்பப் பொருட்கள் இருக்கின்றன. வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துப் போகும். அதுவும் ஒளி மருத்துவம்தான், நமக்கு வேண்டாத மருத்துவம்!

மாணவச் செல்வங்களுக்கு நாலு வார்த்தை. ஒன்று, பருவைக் கிள்ளாதீர்கள், கிள்ளினால் தழும்பாகும். இரண்டு, மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கும் 'சிவப்பழகு' களிம்பில் ஸ்டீராய்டு இருக்கலாம். அதனாலேயே பரு கூடும். மூன்று, வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் ஒளி முகமூடியை நம்பி மருந்தை விடாதீர்கள். சில கண் நோய் உள்ளவர்களுக்குப் பாதிப்பு வரலாம் என்று 2019-ல் நியூட்ரோஜீனா நிறுவனமே தன் முகமூடியைத் திரும்பப் பெற்றது. நான்கு, புதுப் பரு வருவது நின்ற பிறகுதான் தழும்புக்கு லேசர். வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு களிம்பும் மூன்று மாத மாத்திரையும்தான் எழுதிக் கொடுத்தேன். வளையல் அம்மாவின் கையிலேயே இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. நாலாவது மாதம் அவள் மட்டும் வந்தாள். புதுப் பரு இல்லை. நாலைந்து குழி மிச்சம். "இதுக்கு லேசர் வச்சே ஆகணுமா சார்?" என்றாள். "வச்சே ஆகணும்னு இல்லம்மா. உனக்கு வேணும்னு தோணினா வா, நிதானமா செய்யலாம்" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "நானே வேலைக்குப் போயி, சம்பாதிச்சு வாரேன் சார்" என்றாள். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.