அச்சேறிய வானம்



1718-இல் எட்மண்ட் ஹாலி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தொகுத்த, ஆயிரத்துச் சொச்சம் விண்மீன்கள் கொண்ட பட்டியலைத் தம் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டிருந்தார். சுவாதியும் சிரியசும் பழைய இடத்தில் இல்லை. நிலையானவை என்று உலகமே நம்பிய விண்மீன்கள் நகர்கின்றன! ஒரு வாழ்நாளில் வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாத நகர்வு அது. கிரேக்கத்திலும் அரபியிலும் யார் யாரோ அந்தப் பட்டியலைப் பிரதியெடுத்துக் காப்பாற்றியதால்தான் ஹாலிக்கு அது புலப்பட்டது.

விண்மீன்களை அளந்து பட்டியலிடும் இந்தப் பணியில் நம் சென்னைக்கும் பங்குண்டு. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் 1830 முதல் டி. ஜி. டெய்லர் விண்மீன்களை அளந்தார். தொலைநோக்கியின் பார்வைப் பரப்பில் மெல்லிய நூல்கள் கட்டியிருக்கும். விண்மீன் ஒவ்வொரு நூலையும் கடக்கும்போது கடிகாரத்தின் 'டிக்' ஒலியைக் காதால் எண்ணி, நொடியின் பின்னத்தை மனத்தாலேயே கணித்துக் குறிக்க வேண்டும். அதன் பிறகு தாள் தாளாகக் கணக்கு. இப்படி அளந்த 11,015 விண்மீன்களின் பட்டியல் 1844-இல் அச்சானது. அதே ஆய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெடிகுலி என்ற விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1867-இல் கண்டறிந்தார். முந்தைய பதிவு இல்லாமல் இப்படி ஒரு மாற்றத்தை எவராலும் உறுதிப்படுத்த முடியாது.

பிறகு இந்தப் பணியின் வேகம் கூடியது. 1918 முதல் 1924 வரை ஹார்வர்டு வெளியிட்ட பட்டியலில் 2,25,300 விண்மீன்கள். அவற்றின் நிறமாலைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து வகைப்படுத்தியவர் ஆனி ஜம்ப் கேனன் என்ற ஒரே பெண்மணி. கோட்பாடுகளை வகுத்தவர்களுக்குச் சமமாக, இப்படி அளந்தும் பட்டியலிட்டும் வைத்தவர்களையும் நான் வணங்குகிறேன்.

இன்று பட்டம் பெற்று ஆய்வுக்குப் போகிறவர்களே, நீங்கள் எடுக்கும் அளவுகளை வெளியிடுங்கள். எதிர்பார்த்த விடை தராதவற்றையும் சேர்த்தே வெளியிடுங்கள். எந்தக் கருவி, எந்த நாள், எவ்வளவு பிழை வரம்பு என்பதையும் எழுதுங்கள். அதை யார், எதற்காக எடுத்துப் பார்ப்பார்கள் என்று இன்று உங்களுக்குத் தெரியாது. தாலமிக்கும் தெரிந்திருக்கவில்லை.

விண்மீன்களை அளந்த கையா விண்கலத்தின் 2022-ஆம் ஆண்டு வெளியீட்டில் ஏறத்தாழ 180 கோடி விண்பொருள்கள் உள்ளன. அந்தத் தரவை உழைத்துத் திரட்டிய அறிவியலாளர்கள் தங்களுக்கென முன்னுரிமைக் காலம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வெளியான அன்றே அது உலகத்துக்குப் பொதுவானது. தனித்து எவரும் ஆராயாத விண்மீன்கள் அதில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் நீங்களே அதைத் திறந்து பார்க்கலாம்.